ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலுக்கு லீவு

1. சடன் பிரேக்

டெல்லியில் இருபத்திரண்டு வருடம் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அவ்வளவு அனுபவத்தோடு முதல் முறையாக ஆட்டோமேட்டிக் வண்டியில் உட்கார்ந்து நாற்பது அடி தூரம் ஓட்டினேன். நாற்பத்தோராவது அடியில் பக்கத்தில் இருந்த மாணவியின் மூக்குக் கண்ணாடி பறந்து போய் டாஷ்போர்டில் விழுந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம், "ஆண்ட்டி, ஆட்டோமேட்டிக்ல கத்துக்கொடுக்க என்ன இருக்கு? D-ல போட்டா போவுது" என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். டெல்லியிலேயே பிறந்த பிள்ளைகள், பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது படித்துக் காட்டட்டும்.

எங்கள் டிரைவிங் ஸ்கூல் முனிர்க்காவில் இருக்கிறது. ஓனர் ஒரு சர்தார்ஜி. ஸ்கூலில் இருந்த மூன்று வண்டியும் கியர் வண்டி. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டு ஏதேதோ வேலை பார்த்து, கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள் நான். கிளட்ச்சில் அரைக் கால் வைத்து மேட்டில் வண்டியை நிறுத்தும் வித்தையை என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

ஒரு நாள் சர்தார்ஜி கூப்பிட்டு, "பாக்கியம், தும்ஹாரி மதராசி பெஹன் ஆயி ஹை" என்றார், உன் மதராசி சகோதரி வந்திருக்கிறாள் என்று. மதராசி என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று வரும். அன்று சண்டை போடவில்லை. வாசலில் நின்றவர் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார்.

அவர் மெர்சி சிஸ்டர். பாளையங்கோட்டைக்காரர், நாற்பத்தொன்பது வயது, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இடது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸ் எப்போதோ எடுத்து பீரோவில் கிடந்தது. அவருடைய ஆஸ்பத்திரி துவாரகாவில் புதுக் கிளை திறக்கிறது. அங்கே அவருக்கு வார்டு இன்சார்ஜ் பதவி வந்திருக்கிறது. சர்வீஸில் முதல் முறையாக வந்த உயர்வு. காலை ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டும். ஆர்.கே. புரத்திலிருந்து பஸ், மெட்ரோ, ஷேர் ஆட்டோ என்று மூன்று மாற அந்த முட்டி ஒத்துழைக்காது. அயர்லாந்துக்குப் போன தோழி ஒருத்தி தன் பழைய ஆட்டோமேட்டிக் காரை இவருக்கு விற்றுவிட்டுப் போயிருந்தாள்.

"பதினெட்டு நாள் இருக்கு அக்கா. பத்தொம்பதாம் நாள் திங்கக்கிழமை. அன்னைக்கு நான் தனியா ஓட்டிட்டுப் போய்ச் சேரலேன்னா அந்த போஸ்ட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்" என்றார் சிஸ்டர்.

சர்தார்ஜிக்கு வந்த கஸ்டமரை விட மனசு வராது. "பாக்கியம் மேடம் கையில் விட்டால் எருமைகூட கார் ஓட்டும்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டார். சிஸ்டர் சிரித்தார். நானும் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன். ஆட்டோமேட்டிக் வண்டியை நான் தொட்டதே இல்லை என்பதை வாயைத் திறந்து சொல்லவில்லை.

செக்டார் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் சிஸ்டரின் காரை நிறுத்தி, "மொதல்ல நான் ஓட்டிக் காட்றேன், பாத்துக்குங்க" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். D-யில் போட்டதும் வண்டி தானாக நகர்ந்தது. கொஞ்சம் வேகம் எடுத்தது. கியர் மாற்ற வேண்டும் என்று என் இடது கால் நினைத்துக்கொண்டது. கிளட்ச் இருக்கும் இடத்தை ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக்கின் அகலமான பெடல். அப்போதுதான் கண்ணாடி பறந்தது.

"இது என்னா வண்டி, பொம்மை வண்டி" என்று கத்தினேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

சிஸ்டர் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அக்கா, எனக்கு இடது கால் வேலை செய்ய மாட்டேங்கு. உங்களுக்கு ரொம்ப வேலை செய்யுது. உள்ளதைச் சொல்லுங்க, இதை இதுக்கு முன்ன ஓட்டிருக்கீங்களா?"

இல்லை என்று சொன்னேன். அவர் இறங்கிப் போயிருக்கலாம். "சரி, அப்ப ரெண்டு பேரும் சேந்து படிப்போம்" என்றார். நான் இடது காலின் செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டேன். வெறுங்காலை ஓரத்தில் இருக்கும் ஃபுட் ரெஸ்ட்டில் ஊன்றிக்கொண்டேன். தரையின் சில்லிப்பு பட்டதும் இந்தக் காலுக்கு இன்று லீவு என்று ஞாபகம் வந்தது. கியர் வண்டியிலிருந்து மாறி வரும் எல்லோரையும் இன்று வரை இப்படித்தான் உட்கார வைக்கிறேன்.

2. மூன்று தடவை பார்ப்பது

ஸ்கூல் வண்டியில் எனக்கென்று தனி பிரேக் பெடல் உண்டு. சிஸ்டர் வண்டியில் அது கிடையாது, நடுவில் இருக்கும் ஹேண்ட்பிரேக்தான் எனக்குத் துணை. அதனால் முதல் வாரம் முழுக்க என் உயிர் என் கையில் இல்லை.

நாலாவது நாள் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே R-லிருந்து D-க்கு இழுத்தார். கீழே 'கடக்' என்று ஒரு சத்தம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். நிறுத்திவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்தம் போட்டா எனக்கு ஏறாது அக்கா. ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர்மார் போடாத சத்தமா? அதெல்லாம் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுப் பழகியாச்சி. எங்க வேலையில ஒரு வழக்கம் இருக்கு. மருந்தை எடுக்கும்போது லேபிளைப் பாப்போம். ஊசில ஏத்தும்போது பாப்போம். பாட்டிலைத் திரும்ப வைக்கும்போதும் பாப்போம். எத்தனை வருசம் சர்வீஸ் ஆனாலும் மூணு தடவை பாக்கணும். அது மாதிரி இதுக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

ரோட்டோரத்தில் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே யோசித்து உண்டாக்கினோம். பிரேக், லீவர், விளக்கு. முதலில் வண்டி முழுசாக நிற்கிற வரை வலது காலால் பிரேக். பிறகுதான் லீவரைத் தொடுவது. கடைசியாக, மீட்டரில் எரியும் எழுத்து நாம் நினைத்த எழுத்துதானா என்று கண்ணால் பார்ப்பது. பார்க்கிங்குக்கு P-யா, ரிவர்ஸுக்கு R-ஆ, ந்யூட்ரலுக்கு N-ஆ, ஓட்டுவதற்கு D-யா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

கேட்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அந்த 'கடக்' சத்தம் கேட்கவில்லை.

3. மேம்பாலத்தில் சண்டை

டெல்லி டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேம்பாலத்தின் உச்சிக்கு வந்ததும் ந்யூட்ரலில் தள்ளிவிட்டு இறக்கத்தில் சும்மா உருள விடுவார்கள். பெட்ரோல் மிச்சமாம். நானும் அப்படித்தான் பழகியிருந்தேன், அப்படித்தான் கற்றுக்கொடுத்தும் வந்தேன். தௌலாகுவான் மேம்பாலத்தில் ஏறி இறங்கும் இடத்தில், "N-ல போடுங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் போடவில்லை. D-யிலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினார். கீழே வந்து ஓரம் கட்டியதும் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து வண்டியின் மேனுவலை எடுத்து நீட்டினார். ஆங்கிலப் புத்தகம். மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி படித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"ஓடும்போது N போடக் கூடாதுன்னு போட்டுருக்கு அக்கா. N போட்டா இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பிடி விட்டுப் போயிருமாம். பாரம் பூரா பிரேக் தலையில விழும்."

"அந்தப் புக்கு எழுதுனவன் டெல்லி டிராஃபிக்ல வண்டி ஓட்டிருக்கானா?" என்று கேட்டேன்.

"அவன் ஓட்டலேன்னா என்ன, நான் ஓட்டுதேனே" என்றார்.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். புத்தகத்தில் இருந்ததையே அவரும் சொன்னார். D-யில் காலை எடுத்தால் இறக்கத்தில் பெட்ரோல் பெரிதாகப் போகாது என்றும் சொன்னார். P-யைப் பற்றியும் கேட்டுக்கொண்டேன். P போட்டால் உள்ளே ஒரு சின்னக் கொக்கி போய்ப் பல்சக்கரத்தில் மாட்டும், அவ்வளவுதான். மேட்டில் வெறும் P-யில் விட்டால் வண்டியின் பாரம் முழுவதும் அந்தக் கொக்கியில் தொங்கும். அதனால் பிரேக்கை மிதித்தபடியே முதலில் ஹேண்ட்பிரேக், அப்புறம் P.

சிஸ்டர் சொன்னதுதான் சரி என்று அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் சொன்னேன். "அதான் தெரியுமே, நீங்க நேத்தும் N போடச் சொல்லல" என்றார்.

4. சனிக்கிழமை

திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை. சிஸ்டரின் கணவர் சாமுவேல் சார் வாசலில் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக நின்றார். ரிட்டயர்டு கிளார்க். பார்வை மங்கல், அதனால் வண்டி ஓட்ட மாட்டார். நல்ல மனுஷன்தான், பயம்தான் அதிகம்.

"மெர்சி, இன்னைக்கு துவாரகா வரைக்கும் நீயே ஓட்டிட்டுப் போயி, நீயே ஓட்டிட்டு வந்துரு. நடுவுல எங்கயாவது நின்னு, டோ வண்டி கட்டி இழுத்துட்டு வாற மாதிரி ஆச்சின்னா, வேலையில சேரலேன்னு நீயே போன் போட்டுச் சொல்லிரணும். சம்மதமா?" என்றார்.

"சம்மதம்" என்றார் சிஸ்டர்.

பனிமூட்டம். இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "ஹெட்லைட் போடுங்க" என்றேன், போட்டார். மெதுவாக, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மார்க்கெட் பார்க்கிங்கில் இடமே இல்லை. வண்டிகளுக்கு இடம் காட்டும் பார்க்கிங் பையா ஓடிவந்து, முதல் வரிசை வண்டிகளுக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னார். "மேடம், ந்யூட்ரல் மே சோட் தோ, ஹேண்ட்பிரேக் மத் லகானா."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. டெல்லி பார்க்கிங்கில் ஒரு வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை குறுக்கே நிற்கும். குறுக்கே நிறுத்துபவர் ந்யூட்ரலில், ஹேண்ட்பிரேக் போடாமல் விட்டுப் போக வேண்டும். உள்ளே இருக்கும் வண்டி கிளம்பும்போது பையா தோளைக் கொடுத்து நம் வண்டியை முன்னும் பின்னும் தள்ளி வழி விடுவார். இந்த ஊரில் கார் வைத்திருப்பவர் எல்லோரும் யோசிக்காமல் செய்கிற காரியம். நானும் யோசிக்காமல், "N-ல வுடுங்க சிஸ்டர்" என்றேன்.

N-இல் சாவி கழலவில்லை. அந்த வண்டியில் P-யில் போட்டால்தான் சாவி வெளியே வரும். "அரை மணி நேரந்தான், வந்துடுவோம்" என்று பையாவிடம் சொல்லிவிட்டு, P-யில் போட்டுப் பூட்டிக்கொண்டு போனோம். ஃபாரம், போட்டோ, மேட்ரனைப் பார்ப்பது என்று இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது பனி விலகி வெயில் வந்திருந்தது. எங்கள் வண்டியைச் சுற்றிக் கூட்டம். நாலு பேர் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஆடியதே தவிர நகரவில்லை. அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வெள்ளைக் காரில் கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டிய ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மகன் எங்களைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். ஆட்டோமேட்டிக் வாங்கத் தெரிகிறது, ஓட்டத்தான் தெரியவில்லை என்று ஹிந்தியில் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

சிஸ்டர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை. ஹெட்லைட் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பழைய பேட்டரி, மொத்தமாக இறங்கிவிட்டது. பனிக்கு லைட் போடச் சொன்னவள் நான். அணைக்கச் சொல்ல மறந்தவளும் நான்தான்.

"எறங்குங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவரை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன். தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். எத்தனை கியர் வண்டியை செகண்டில் போட்டுத் தள்ளிக் கிளப்பியிருக்கிறேன். லீவரை இழுத்தேன், P-யிலிருந்து அசையவில்லை. பிரேக்கை மிதித்து இழுத்தேன், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். இன்னும் ஒரு இழு இழுத்திருந்தால் உடைந்து கையோடு வந்திருக்கும்.

"கையை எடுங்க அக்கா."

அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. வார்டில் நோயாளிக்கு மூச்சு நின்றால் நர்ஸ் பேசுகிற குரல் அதுதான் போல. கையை எடுத்துவிட்டேன். சீட்டில் கிடந்த போன் அடிக்கத் தொடங்கியது. சாமுவேல் சார். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

சிஸ்டர் மேனுவலை எடுத்து, மஞ்சள் கோடு போட்ட பக்கத்தைத் திறந்து பானெட்டின் மேல் வைத்துப் படித்தார். "இதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. தள்ளுததை நிறுத்தச் சொல்லுங்க, உள்ள கொக்கி உடைஞ்சிரும். இந்தப் பக்கம் வந்துருங்க" என்று என்னைப் பக்கத்து சீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "ஹேண்ட்பிரேக் போடுங்க."

போட்டேன். அவர் சாவியைப் பாதி திருப்பி வைத்தார். பிரேக்கை மிதித்தார். ஹேண்ட்பேக்கைத் துழாவி, நுனி மழுங்கிய டிரெஸ்ஸிங் கத்தரிக்கோலை எடுத்தார். லீவருக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு மூடி இருந்தது. பதினேழு நாள் அந்த லீவரைப் பார்த்தவள், ஒரு நாள்கூட அதை நான் கவனித்ததில்லை. கத்தரி நுனியால் அதை நெம்பி எடுத்தார். உள்ளே ஒரு துளை. பேட்டரி செத்தால் P-யின் பூட்டைக் கையால் விடுவிக்கிற வழி அதுதானாம். அதே நுனியை உள்ளே விட்டு அழுத்திக்கொண்டே லீவரை இழுத்தார்.

வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி P-யிலிருந்து நகர்ந்து N-க்கு வந்தது.

"ஹேண்ட்பிரேக் எடுங்க. இப்பம் தள்ளச் சொல்லுங்க."

நாலு பேர் தள்ளியும் அசையாத வண்டியைப் பையா ஒற்றைக் கையால் தள்ளிச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். டெல்லி பார்க்கிங்கில் சண்டை போட்ட கூட்டம் கை தட்டி நான் பார்த்தது அன்றுதான்.

வெள்ளைக் கார்க்காரர் வழி கிடைத்ததும் கிளம்பிப் போனார். பத்தடி போய் நிறுத்தினார். இறங்கி டிக்கியிலிருந்து ஜம்பர் கேபிளை எடுத்துக்கொண்டு வந்தார். "அந்தப் பொண்ணை இப்படி விட்டுட்டு வராதேன்னு அம்மா சொல்றாங்க" என்று ஹிந்தியில் சொன்னார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். காரைப் பக்கத்தில் கொண்டுவந்து அவர் பேட்டரியோடு கேபிளை மாட்டியதும் எங்கள் இஞ்சின் உறுமியது. நான் பக்கத்து சீட்டை விட்டு அசையவில்லை. வாயையும் திறக்கவில்லை. சிஸ்டர் "பிரேக், லீவர், விளக்கு, D" என்று சொல்லி வீடு வரை ஓட்டினார்.

வாசலில் சாமுவேல் சார் நின்றார். "ஏன் போனை எடுக்கல? வண்டி நின்னுட்டா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். சொன்னால் என்ன, நானும் ஆமாம் போட்டிருப்பேன். சிஸ்டர் சொல்லவில்லை. "நின்னுச்சி. பேட்டரி போயிட்டு. P-ல மாட்டிக்கிட்டு. அதை நானே எடுத்து, நானே கிளப்பி, நானே ஓட்டிட்டு வந்துருக்கேன். டோ வண்டி வரல."

சார் வண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு குல்லாவைக் கழற்றி, "அப்பம் திங்கக்கிழமைக்கு எத்தனை மணிக்கு உன்னை எழுப்பணும்?" என்று கேட்டார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. என் உடம்புக்கு அது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

5. திங்கட்கிழமை

புது பேட்டரி மாட்டியாகிவிட்டது. காலை ஐந்தே காலுக்கு ஆட்டோ பிடித்துப் போய் நின்றேன். முதல் நாள், பக்கத்தில் ஆள் வேண்டாமா? கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

சிஸ்டர் வெள்ளை யூனிஃபாரமும் மேலே ஸ்வெட்டருமாக வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. "அக்கா, நீங்க இறங்கிக்கிடுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இந்தக் குளிர்ல எதுக்கு வந்திருக்கேன் நான்?"

"நீங்க பக்கத்துல இருந்தா நான் உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். நாளைக்கு நீங்க வரமாட்டீங்கல்லா? அது இன்னைக்கே இருக்கட்டும்."

பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினேன். சிஸ்டரின் உதடு மூன்று தடவை அசைவது கார் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வண்டி நகர்ந்து, திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டு, போய்விட்டது. சாமுவேல் சார் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். நான் டம்ளரையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு இருபதுக்குப் போன் வந்தது. சார் ஸ்பீக்கரில் போட்டார். "சேந்தாச்சி. ரெஜிஸ்டர்ல இன்சார்ஜ்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ரவுண்ட்ஸ் இருக்கு, வைக்கேன்." அவ்வளவுதான். சார் அழுதார், நானும் அழுதேன்.

புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். தெரியாத வண்டியில் உட்கார்ந்தால் தெரியாது என்று முதலில் சொல்லிவிடுங்கள், மேனுவலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வண்டி நிற்காமல் லீவரைத் தொடாதீர்கள். மாணவி இறங்கச் சொன்னால் வாதம் பண்ணாமல் இறங்கிவிடுங்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸில் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட முதல் ஆள் மெர்சி சிஸ்டர்தான். அந்தத் திங்கட்கிழமையைப் போல ஒரு நல்ல நாள் இந்த வேலையில் எனக்கு வாய்த்ததில்லை.